போஸ்டரிலும் செட்டிலும் தமிழ் எழுத்து: டெல்டாவில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய வடிவமைப்புத் தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் குறும்படமும் யூடியூப் தொடரும் எடுக்கும் குழுக்களில் போஸ்டர், தம்ப்நெயில், டைட்டில் கார்டு, செட்டில் மாட்டும் கடைப் பலகை என எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது. அந்த ஆளுக்கு வரையத் தெரியாததால் வரும் பிழைகள் குறைவு. கதை எந்த ஆண்டில் நடக்கிறது, எழுத்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, எடுத்துப் போட்ட படம் யாருடையது என்ற மூன்றையும் கடைசி நாள் வரை கேட்காமல் விடுவதால் வருபவையே அதிகம்.

கதையின் ஆண்டை மறந்த பலகைகள்

1960களில் நடக்கும் கதை. மளிகைக்கடைப் பலகையில் ‘விலை’ என்று இருக்கிறது. இன்றைய ஃபான்ட்டில் அடித்து ஒட்டினால் அந்த ஒரு சொல்லே காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ணை, லை, ளை, னை ஆகியவை இன்றைய வடிவத்துக்கு வந்தது 1978-ல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தால். ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற ஒன்பதையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் அப்போது மாறின. எழுத்துகளுக்குப் பொதுக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் ‘லை’க்குப் பழைய வடிவம், புது வடிவம் என்று தனித்தனிக் குறியீடு கிடையாது. எந்த வடிவம் தெரியும் என்பதை ஃபான்ட்தான் முடிவு செய்கிறது. புழக்கத்தில் உள்ள ஃபான்ட்டுகளில் பெரும்பாலானவை புது வடிவத்தையே தரும். ஆகவே அடித்து அச்செடுத்து, அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து இந்த 13 எழுத்துகளை மட்டும் கையால் பழைய வடிவத்துக்கு மாற்றி, ஸ்கேன் செய்து வெக்டராக்குங்கள் (எவ்வளவு பெரிதாக்கினாலும் கரையாத கோட்டு வடிவம்). அக்காலத்து அச்சுப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பழைய வடிவத்தில் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல வளையும் கோடு எந்தப் பக்கம் சுழிகிறது என்பதில் குழப்பம் வராது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1978 என்றதும் அதற்கு மறுநாளே ஊரிலுள்ள பலகைகளையெல்லாம் புது எழுத்தில் எழுதிவிடுவது. தகரப் பலகையில் எனாமல் பெயின்ட்டால் எழுதியது பத்துப் பதினைந்து வருடம் தாங்கும். 1985-ல் ஒரு கடைத்தெருவைக் காட்டினால் பழைய கடைகளில் பழைய எழுத்தும், புதிதாகத் திறந்த கடையில் புது எழுத்துமாகக் கலந்து இருப்பதே இயல்பு. இன்னொன்று: கையால் எழுதிய பலகையில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இராது. ஃபான்ட்டை வைத்துச் செய்யும்போது திரும்ப வரும் ‘க’, ‘ம்’ போன்றவற்றின் வளைவை ஒவ்வொரு இடத்திலும் சற்று நகர்த்துங்கள். அதைச் செய்யாவிட்டால் என்னதான் துரு, அழுக்கு டெக்ஸ்சர் போட்டாலும் பலகை கம்ப்யூட்டர் வேலையாகவே தெரியும்.

ஊர்ப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மாயவரம் மயிலாடுதுறை ஆனது 1982-ல். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது 1991-ல், திருவாரூர் தனி மாவட்டமானது 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். எனவே 1980களில் நடக்கும் காட்சியில் பள்ளிக்கூடச் சுவரில் ‘திருவாரூர் மாவட்டம்’ என்று இருக்கக் கூடாது. அரசுப் பேருந்தின் பக்கவாட்டில் ‘சோழன் போக்குவரத்துக் கழகம்’ என்ற பெயர் 1972-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட கதைக்கே பொருந்தும். கடித உறையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான் வரலாம். 612001 என்று கும்பகோணத்துக்கு முகவரி எழுதிய 1968-ஆம் ஆண்டுக் கடிதம் குளோசப்பில் வந்தால் அந்தக் காட்சி கெட்டது. விலைச் சீட்டில் ₹ குறி 2010-ல் வந்தது. அதற்கு முந்தைய கதைக்கு ‘ரூ.’ போதும். வண்டி நம்பரில் டி.என். 49 என்ற முறையும் 1980களின் கடைசியில் வந்ததே.

செட்டில் ஒட்டும் நோட்டீஸில் கற்பனையாக ஒரு செல்போன் எண் போடுவது எல்லாரும் செய்வது. பத்து இலக்கம் எதைப் போட்டாலும் அது யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. படம் வந்த அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விடும். குழுவில் ஒருவருடைய எண்ணைப் போடுங்கள், அல்லது கடைசி நான்கு இலக்கத்தைக் கிழிந்த காகிதத்தால் மறையுங்கள். க்யூஆர் கோடுக்கும் இதே விதிதான்.

சோழர் கதைக்கு நாயக்கர் கோயில்

இப்பகுதியில் வரலாற்றுக் கதை என்றாலே போஸ்டரில் பெரிய கோயில் வந்துவிடும். ராஜராஜன் 1010-ல் முடித்த கோயிலின் விமானமும் (கருவறைக்கு மேலெழும் கட்டுமானம்) கேரளாந்தகன், ராஜராஜன் திருவாசல்களும் சோழர் காலத்தவை. ஆனால் இன்று முன்னே நிற்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும், சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. கோயிலை நேரே நின்று எடுத்த போட்டோவை அப்படியே ஓவியமாக்கி, முன்னால் ராஜராஜனை நிறுத்தினால் சில நூற்றாண்டுகள் ஒன்றாகக் குழைந்துவிடும். விமானத்தை வடமேற்கு மூலையிலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்தால் நந்தி மண்டபம் சட்டகத்துக்குள்ளேயே வராது. அப்பக்கம் நிற்கும் சுப்பிரமணியர் சன்னதியை மட்டும் நீக்கினால் போதும். பல நிலைகளுடன் வண்ணச் சுதைப் பொம்மைகள் நிறைந்த உயர்ந்த கோபுரமும் பிற்காலத்ததே. ஏஐ கருவிகளிடம் ‘சோழர் கோயில்’ என்று கேட்டால் அடிக்கடி அந்தக் கோபுரத்தைத்தான் வரைந்து தருகின்றன. அவை பலகையில் போடும் ‘தமிழ்’ பல நேரம் எழுத்தே அல்ல, வெறும் கிறுக்கல்.

தஞ்சாவூர் ஓவிய பாணியும் அப்படித்தான். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கும் கல்லும் பதிக்கும் அந்தப் பாணி நாயக்கர், மராட்டியர் காலங்களில் வளர்ந்தது. போஸ்டரின் பாணியாக அதைத் தேர்ந்தெடுப்பது கலைஞரின் உரிமை. ஆனால் கதைக்குள் சோழ அரசியின் அறைச் சுவரில் அதை மாட்டுவது பிழை. சோழர் கால உடையும் சிகை அலங்காரமும் வேண்டுமென்றால் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில் உள்ள சோழர் ஓவியங்களின் அச்சுப் பதிப்புகளைப் பாருங்கள். அங்கேயே அவற்றின்மேல் நாயக்கர் கால ஓவியங்களும் தீட்டப்பட்டிருந்தன என்பதால் எது எந்தக் காலத்தது என்று குறிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அசல் தஞ்சாவூர் ஓவியத்தை டிஜிட்டலுக்குக் கொண்டுவரும்போது ஸ்கேனரில் வைக்காதீர்கள். தங்கம் கறுத்துப் பழுப்பாகிவிடும், கற்கள் வெள்ளைப் புள்ளிகளாக வெடிக்கும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, வெள்ளைத் துணி வழியே வெளிச்சத்தை விட்டு, எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். அட்டையின் பிரதிபலிப்புதான் தங்கத்துக்கு உயிர் தருகிறது. ஃபிளாஷ் கூடவே கூடாது. நீங்களே தங்கம் வரைவதானால் ஒரே மஞ்சளைப் பூசினால் மஞ்சள்தூள் மாதிரி இருக்கும். அடர் பழுப்பிலிருந்து வெளிர் பால்நிறம் வரை குறுகிய இடைவெளிக்குள் ஏறி இறங்கினால்தான் கண் அதைத் தங்கம் என்று நம்பும்.

எழுத்து உடைவது

போட்டோஷாப்பில் ‘கொ’ அடித்தால் கொம்பு, க, கால் மூன்றும் இடம் மாறி விழுகிறது என்றால் குறை ஃபான்ட்டில் இல்லை. ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், பதிப்பைப் பொறுத்து ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ அல்லது ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர். பிறகு ‘கொடி, கோயில், கௌரி, ஸ்ரீ, க்ஷேத்திரம்’ என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். இந்த ஐந்தும் சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி வகைப் பழைய ஃபான்ட்டுகளை இன்னும் விடாமல் வைத்திருப்போர் உண்டு. அச்சகத்துக்கு அனுப்பிய ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். திருத்தக்கூடிய பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு, அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். புது வேலைக்கு யூனிகோடே போதும். முக்தா மலர், கட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகப் படத்துக்கும் பயன்படுத்தலாம்.

ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அகலமாக்குவது பார்க்க அழகு. தமிழில் அதைச் செய்தால் ‘கெ’யின் கொம்பு ஒரு பக்கமும் ‘க’ ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். ட்ராக்கிங் எனும் அந்த எழுத்திடைவெளியைப் பூஜ்யத்திலேயே வையுங்கள். வரி இடைவெளியில் தாராளம் வேண்டும்: எழுத்து 100 பாயின்ட் என்றால் வரிக்கு 130 முதல் 150 வரை. மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளக் கூடாது. எழுத்தைச் சுற்றித் தடித்த ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) போட்டால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும்; ஸ்ட்ரோக்கை வெளிப்பக்கம் மட்டும் வைத்து, பிறகு படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள். மோஷன் கிராஃபிக்ஸில் எழுத்தெழுத்தாக வரும் அனிமேஷனும் கொம்பையும் காலையும் தனியே பறக்கவிடும். ஒவ்வொரு முழு எழுத்தையும் ஷேப்பாக மாற்றி, அதன்பின் அசையுங்கள்.

அளவும் நிறமும்

முழு ஹெச்டி வீடியோவிலிருந்து எடுத்த ஒரு ஃப்ரேம் 1920×1080 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் அது 6.4 அங்குல அகலம், 3.6 அங்குல உயரம்தான். அதை 20×30 அங்குல டபுள் கிரவுன் போஸ்டராக இழுத்தால் முகம் கரையும். போஸ்டருக்கென்று படப்பிடிப்பு நாளிலேயே ஸ்டில் கேமராவில் தனியாக எடுத்துவிட வேண்டும். ஃப்ளெக்ஸுக்கு அசல் அளவில் 72 டிபிஐ போதும், தூரத்திலிருந்துதானே பார்க்கிறார்கள். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விடுங்கள்.

நாற்றங்கால் பச்சை திரையில் ஜொலிக்கும், நான்கு மை கலக்கும் சி.எம்.ஒய்.கே அச்சில் மங்கிப் போகும். அந்தப் பச்சையை நம்பியே போஸ்டர் நிற்கிறதென்றால் ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே ப்ரூஃபில் (அச்சில் எப்படி வரும் என்று திரையில் காட்டும் முறை) வைத்து வேலை செய்து, சுற்றியுள்ள நிறங்களை அடர்த்தியாக்கிப் பச்சையை எடுத்துக் காட்டுங்கள். சிறிய எழுத்துக்கு நூறு சதவீதக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு மையும் சேர்ந்தால் துளி விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பருவத்தையும் பாருங்கள். ஜூனில் மேட்டூர் திறக்கும் கதைக்கு விளைந்த கதிர் பின்னணி பொருந்தாது.

தம்ப்நெயில் 1280×720. வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காரும். அங்கே எழுத்தோ முகமோ வேண்டாம்.

யாருடைய படம்?

திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து நாயக்கர் ஓவியத்துக்கு இன்று யாரும் காப்புரிமை கோர முடியாது. ஆனால் அதை எடுத்த போட்டோவுக்கு உண்டு: எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். கூகுளில் கிடைத்தது என்பது அனுமதி ஆகாது. ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய ஓவியம் காட்சியின் பின்னணியில் தற்செயலாக வந்தால் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதே ஓவியத்தை வெட்டிப் போஸ்டரில் போட்டால் அந்த விலக்கு துணைக்கு வராது. ஓவியத்தை விலைக்கு வாங்கியவருக்குப் பலகைதான் சொந்தம், மறுபதிப்பு உரிமை அல்ல.

ஓவியரிடம் உரிமை வாங்கும்போது வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓடிடியில் உலகம் முழுக்கப் போகும் படத்துக்கு இது போதாது. போஸ்டர், தம்ப்நெயில், விளம்பரம், புத்தக அட்டை என எங்கெல்லாம் பயன்படும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். உரிமையைக் கொடுத்த பிறகும் தன் பெயரைப் போடச் சொல்லவும், தன் மதிப்பு கெடும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் ஓவியருக்கு உரிமை இருக்கிறது. அதனால் எந்த அளவுக்கு வெட்டலாம், நிறம் மாற்றலாமா என்பதை முன்கூட்டியே பேசி, டைட்டில் கார்டில் அவர் பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.