ஜெர்மன் மாங்கா: மாதாமாதம் வருவதைத் தவறவிடாமல் சேர்ப்பது எப்படி?

ஜெர்மன் மொழியில் மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், வாசிக்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். மொழி பழகலாம் என்று தொடங்கி, அப்புறம் கதைக்காகவே விடாமல் தொடர்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ஜெர்மன் சந்தையில் ஒரே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மாங்கா புத்தகங்கள் வருகின்றன. நாம் தொடரும் நாலைந்து தொடர்களின் அடுத்த பாகம் அந்தக் குவியலில் எங்கே இருக்கிறது, எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். நானும் அப்படிச் சுற்றித்தான் இந்த முறைக்கு வந்தேன். வலமிருந்து இடமாக வாசிப்பது போன்ற அடிப்படைகளுக்குள் இங்கே போகவில்லை.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். ஜெர்மனியில் புத்தகங்களுக்கு நிர்ணய விலை. 2002 முதல் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. புதிய புத்தகத்தின் விலையைப் பதிப்பகம்தான் முடிவு செய்யும். பெரிய இணையக் கடை, ரயில் நிலையக் கடை, தெருமுனைப் புத்தகக் கடை எல்லாவற்றிலும் அதே விலைதான். மின்னூலுக்கும் இதுவே விதி. அதனால் எங்கே மலிவு என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு: தேதி, பதிப்பு.

படி 1: எந்தத் தொடர் யாரிடம்?

உங்கள் தொடரை எந்தப் பதிப்பகம் வெளியிடுகிறது என்று முதலில் பாருங்கள். கார்ல்சன், டோக்கியோபாப், ஆல்ட்ராவெர்ஸ் மூன்றும் ஹாம்பர்க்கில் இருக்கின்றன. எக்மான்ட் பெர்லினில், பனினி ஸ்டுட்கார்ட்டில், மாங்கா கல்ட் லுட்விக்ஸ்பர்க்கில். காஸே என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது இப்போது கிரஞ்சிரோல். ஹயாபுசா என்று தனிப் பெயர் போட்டு வருபவையும் கார்ல்சன் வீட்டுப் புத்தகங்கள்தான். ஒவ்வொரு பதிப்பகமும் மாதத்தில் தனக்கென்று ஓரிரு தேதிகள் வைத்திருக்கும். அது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: தேதியை எங்கே பார்ப்பது?

என் முதல் தேர்வு மாங்கா பேஷன் என்ற ஜெர்மன் தளம். மாதவாரியாக எல்லாப் பதிப்பகங்களின் வெளியீடுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. கணக்கு தொடங்கினால் உங்களிடம் இருக்கும் பாகங்களைக் குறித்துவைக்கவும் செய்யலாம். பொதுவான புத்தகக் கடைத் தளங்களில் மாங்கா தேடுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பாக எண்கள் கலைந்து கிடக்கும், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அடுத்தடுத்து நிற்கும்.

தேதியை உறுதி செய்ய மட்டும் பதிப்பகத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். அங்கே வெளியீட்டுத் திட்டப் பட்டியலும் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்தகாலத்துக்கு ஒன்று, இலையுதிர்காலத்துக்கு ஒன்று என்று போடும் வழக்கம் ஜெர்மன் பதிப்புலகில் பழையது. புதிய தொடர்களின் அறிவிப்புகளை லைப்சிக் புத்தகக் கண்காட்சி, மான்ஹைமில் நடக்கும் அனிமேஜிக் என்ற அனிமே, மாங்கா விழா, அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி ஆகியவற்றை ஒட்டி எதிர்பார்க்கலாம்.

அறிவித்த தேதி கல்லில் எழுதியது இல்லை. காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பல புத்தகங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போயின. நான் ஒவ்வொரு மாதக் கடைசி வாரத்திலும் அடுத்த மாதத் தேதிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுவேன். தொடர் ஜப்பானிய வெளியீட்டை எட்டிப் பிடித்துவிட்டால் பாகங்களுக்கு இடையே இடைவெளி திடீரென்று நீளும். அதைப் பார்த்துத் தொடரையே நிறுத்திவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

படி 3: பட்டியல்

தளத்தில் குறித்துவைத்தாலும் சொந்தமாக ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு லிப்ரே ஆபீஸே போதும். தொடர், பாகம், பதிப்பு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), தேதி, விலை, நிலை என்று ஏழு நெடுவரிசைகள். நிலை என்பதில் காத்திருப்பு, முன்பதிவு, கையில் என்று மூன்றே சொற்கள்.

ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை எதையும் ஒட்டுவதற்கு முன்பே உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பதின்மூன்று இலக்கம் சுருங்கி 9,78 என்று தொடங்கும் வேறு ஏதோவாகத் தெரியும். இன்னொன்று, ஜெர்மன் விலையில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும்: 7,50. தேதி 04.11.2025 என்று புள்ளி வைத்து வரும். உங்கள் கணினி ஆங்கில அமைப்பில் இருந்தால் விலைகளைக் கூட்ட வராது, தேதி வரிசைக்கு நிற்காது. தாளின் மொழி அமைப்பை ஜெர்மன் என்று மாற்றினால் சரியாகிவிடும். பாக எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைத்து எண் மட்டும் எழுதுங்கள். சொல்லோடு சேர்த்து எழுதினால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

படி 4: எந்தப் பதிப்பு? இங்கே கொஞ்சம் நில்லுங்கள்

எனக்குப் புரிய அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே கதை இரண்டு மூன்று உருவங்களில் கிடைக்கும். நருட்டோ என்ற தொடரைத் தனித்தனிப் பாகங்களாகவும் வாங்கலாம், மூன்று பாகங்களை ஒன்றாகச் சேர்த்த மாசிவ் பதிப்பாகவும் வாங்கலாம். மாசிவ் பதிப்பின் 2-ம் பாகம் தனிப் பாகங்களில் 4 முதல் 6 வரை உள்ளது. கடைத் தளத்தில் இரண்டுமே "நருட்டோ 2" போலத்தான் கண்ணில் படும். தலைப்பையும் அட்டையையும் நம்பாமல் ஐஎஸ்பிஎன்னைப் பாருங்கள். பதிப்பு மாறினால் எண்ணும் மாறும். முன் இலக்கங்கள் பதிப்பகத்தையே காட்டிக்கொடுக்கும்: 978-3-551 என்றால் கார்ல்சன், 978-3-8420 என்றால் டோக்கியோபாப், 978-3-7416 என்றால் பனினி. பழைய காஸே புத்தகங்கள் 978-2 என்று தொடங்கும். ஜெர்மன் புத்தகத்துக்கு 978-3 தானே வர வேண்டும், இது போலிப் பிரதியோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஐஎஸ்பிஎன்னும் காட்டிக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் முதல் அச்சு. ஜெர்மன் பதிப்பகங்கள் முதல் அச்சுக்குள் வண்ண அட்டை (மேலட்டை அல்ல, உள்ளே வைக்கும் கார்டு), சிறிய படம், ஒட்டுப்படம் என்று ஏதாவது வைப்பார்கள். பெட்டியோடு வரும் சிறப்புப் பதிப்புக்கு வழக்கமாகத் தனி ஐஎஸ்பிஎன் இருக்கும். ஆனால் உள்ளே அட்டை வைத்த முதல் அச்சுக்கும், அட்டை இல்லாத இரண்டாம் அச்சுக்கும் பெரும்பாலும் ஒரே எண்தான். எண்ணைச் சரியாகக் கொடுத்து ஆர்டர் செய்தாலும் இரண்டாம் அச்சு வர வாய்ப்பு உண்டு, அதைக் கடைக்காரரின் தவறு என்றும் சொல்ல முடியாது. அட்டை வேண்டுமென்றால் வெளியீட்டுக்கு முன்பே பதிவு செய்வது ஒன்றே நம்பகமான வழி.

கையில் இருப்பது எந்த அச்சு என்று பார்க்கப் பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைத் தேடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும் ஜப்பானியப் பதிப்புரிமை வரிகளும் பொடி எழுத்தில் நிறைந்திருக்கும் பக்கம் அது. சிலவற்றில் முதல் அச்சு என்று நேரடியாகவே இருக்கும். கார்ல்சன் புத்தகங்களில் 1 2 3 4 என்று தொடங்கி ஆண்டுகளின் கடைசி இலக்கங்களோடு ஓர் எண் வரிசை ஓடும். அதில் மிகச் சிறிய எண் 1 என்றால் முதல் அச்சு. 1 இல்லாமல் 2-ல் தொடங்கினால் இரண்டாம் அச்சு.

படி 5: வாங்குவது

உள்ளூர்ப் புத்தகக் கடைதான் என் பரிந்துரை, இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. விலை ஒன்றுதான் என்ற பிறகு, அந்தப் பணம் நம் தெருக் கடைக்குப் போகட்டுமே. ஜெர்மன் கடைகளுக்குப் பின்னால் மொத்த விற்பனைக் கிடங்குகள் வலுவாக இருக்கின்றன. கிடங்கில் புத்தகம் இருந்தால் மாலை சொன்னது மறுநாளே கடைக்கு வந்துவிடும், தபால் செலவும் இல்லை. ஐஎஸ்பிஎன் பட்டியலை நீட்டினால் பேச்சு ஜெர்மன் இன்னும் வராதவர்களுக்கும் சிரமம் இருக்காது. காமிக்ஸ் கடையாக இருந்தால் தொடர் சந்தா உண்டா என்று கேளுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் ஒவ்வொரு பாகத்தையும் உங்கள் பெயரில் எடுத்து வைப்பார்கள்.

பட்ஜெட்டுக்கு: சாதாரண அளவுப் பாகம் ஏழு எட்டு யூரோ, பெரிய பதிப்புகள் அதைவிட நன்றாகவே கூடும். புதுத் தொடர் தொடங்குவதற்கு முன் நகர நூலகத்தில் முதல் பாகத்தை வாசித்துப் பாருங்கள். ஜெர்மன் நகர நூலகங்கள் பலவற்றில் மாங்கா அலமாரி உண்டு.

படி 6: அச்சில் இல்லாதவை

அச்சில் இல்லை என்று காட்டினால் உடனே பழைய புத்தகச் சந்தையில் மூன்று மடங்கு விலை கொடுக்காதீர்கள். நிர்ணய விலை புதிய புத்தகத்துக்கு மட்டும்தான். பழையதற்கு யாரும் எதையும் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடர் என்றால் மறு அச்சு வர நல்ல வாய்ப்பு உண்டு, பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். உரிமம் முடிந்த தொடருக்கு மட்டும் பழைய சந்தைக்குப் போங்கள்.

மலிவாக வேண்டுமானால் சேதப் பிரதி நல்ல வழி. தாள் ஓரத்தில், பெரும்பாலும் அடிப்பக்கம், முத்திரையோ பேனாக் கோடோ போட்டு விற்பார்கள். இவற்றுக்கு நிர்ணய விலை கிடையாது. பல நேரம் அட்டை மூலை கொஞ்சம் மடங்கியிருப்பதோடு சரி.

மிகப் பழைய பதிப்புகளை வாங்கும்போது வாசிப்புத் திசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கார்ல்சன் 1991-ல் தொடங்கிய அகிரா என்ற தொடர் வண்ணமிட்டு, பக்கங்களைத் திருப்பி, இடமிருந்து வலமாக வந்தது. 1997-ல் டிராகன் பால் ஜப்பானிய முறையிலேயே வந்த பிறகுதான் இங்கே வலமிருந்து இடம் என்பது வழக்கமானது.

பின்சேர்க்கை: இதை வாசித்துவிட்டு சுவிட்சர்லாந்திலிருந்து சிலர், தங்கள் ஊரில் கடைக்குக் கடை விலை மாறுகிறதே என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், அங்கே நிர்ணய விலை இல்லை. 2012 மார்ச் மாத வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தை மக்கள் நிராகரித்துவிட்டார்கள். எனவே நான் மேலே சொன்னதற்கு மாறாக, நீங்கள் விலையை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆஸ்திரியாவில் நிர்ணய விலை உண்டு. ஆனால் அங்கே புத்தக வரி 10 சதவீதம், ஜெர்மனியில் 7. அதனால்தான் பின்னட்டையில் நாட்டுக்கு ஒன்றாக இரண்டு யூரோ விலைகள் அச்சாகியிருக்கின்றன. ஆஸ்திரியாவில் இருப்பவர்கள் விரிதாளில் கூடுதலாக உள்ள விலையை எழுதிக்கொள்ளுங்கள்.