படர்செடி நடுவதற்கு முன்

மரத்தடியில் வெறும் மண்ணைப் பார்த்ததும் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சீக்கிரமா மூடுற செடி எதுங்க?" கேட்கும்போதே எனக்கு முதுகு வலிக்கிறது. படர்செடி நடும்போது செய்கிற தவறுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை; செடி வாடினால் தானாகவே புரிந்துவிடும்.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

8 வருஷத்துக்கு முன் நானும் அதே கேள்வியோடு போய், வெடேலியா என்ற மஞ்சள் பூப் படர்செடியில் 4 துண்டு வாங்கிவந்து பெரணிகளுக்கு (ஃபெர்ன்) நடுவே நட்டேன். ஒரே மழைக்காலத்தில் தரை தெரியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மறு வருஷம் பெரணியும் தெரியவில்லை.

அதன் தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர்விடும். நிழலில் பூதான் குறையும், படர்வது நிற்காது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்று ஐ.யூ.சி.என். (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆத்திரத்தில் கைக்கு வந்தபடி இழுத்துப் பிடுங்கினேன். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். தண்டு அறுந்து கையோடு வரும். வேர்விட்ட கணு, விரல்நுனி அளவுத் துண்டாக, மண்ணிலேயே நின்றுவிடும். பத்து நாளில் அதிலிருந்து இரண்டு தளிர். போதாததற்கு, பிடுங்கியதை உரக்குழியில் போட்டேன். அந்த உரம் போன பாத்திக்கெல்லாம் வெடேலியாவும் போனது. மண் ஈரமாக இருக்கும்போது கிளறிக் கிளறி, கணு கணுவாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை வெயிலில் சருகாகும்வரை காயவிட வேண்டும். போன வாரம்கூட ஒரு பெரணியின் அடியில் மூன்று இலை எட்டிப் பார்த்தது.

மாண்டோ புல் (புல் போன்ற இலையுள்ள குட்டைச் செடி) மாதிரி மெதுவாகப் பரவுவதை நடுங்கள். ஓடுகிற செடிதான் வேண்டுமென்றால் தொட்டியோடு நிறுத்துங்கள், தண்டு தரையைத் தொடாமல்.

மர வேர்மேல் மண் கொட்டுவது

மரத்தின் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அதன்மேல் அரை அடி மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டினால் வேருக்குக் காற்று போகாது. பெரிய வேர்களுக்கு இடையில் சின்னக் குழி பறித்து, சின்ன நாற்றாக நடுங்கள். முதல் வருஷம் தண்ணீரில் மரத்துக்குத்தான் முதல் பங்கு. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்ற வேண்டும்.

வரி இலைச் செடியை அடர்நிழலில் வைப்பது

வரி மங்கும். முழுப்பச்சைத் தண்டு வந்தால் உடனே நறுக்குங்கள். அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும்.

மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) போடாதது

இடைவெளியில் களைதான் முந்தும்.

செடியை மிதித்து நடப்பது

நடக்கிற வழியில் கல் பதியுங்கள்.