நேராக ஓடும் குட்டி பைக்: 100 சிசி இன்ஜின், 16 அங்குலச் சக்கரம், வீட்டுப் பட்டறை

பழைய 100 சிசி இன்ஜினை உறும வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதே இன்ஜினைச் சுமந்த வண்டி ஒரு பக்கமாக இழுக்காமல் ஓடுவதுதான் பெரிய வேலை. அது இன்ஜின் கையில் இல்லை. ஹேண்டில்பார் கழுத்து (ஹேண்டில் திரும்பும் குழாய்), ஸ்விங் ஆர்ம் பின் (பின் சக்கரத்தைத் தாங்கி மேல்கீழாக ஆடும் கையின் அச்சாணி), பின் ஆக்ஸில் (பின் சக்கர அச்சு) ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதில் இருக்கிறது. மூன்றும் சரியாக நின்றால் மற்ற தப்பையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கழுத்து இரண்டு டிகிரி திருகிவிட்டால் வெட்டிப் போட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

ஃபிரேமுக்கும் தமிழில் சட்டம் என்றுதான் பெயர். அந்தச் சட்டத்தை வெட்டுவதற்கு முன் இந்தச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-வின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். 25 சிசி-க்கு மேற்படாத, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டி அந்தச் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே இல்லை. ஆனால் 100 சிசி அந்தச் சலுகைக்குள் வராது. ஆகவே இங்கே சொல்லும் வண்டி தனியார் நிலத்துக்கு மட்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர், கோலார் பக்கம் தோட்டமோ வேலி போட்ட மனையோ இருந்தால் அங்கே ஓட்டலாம். ஓசூர் ரோட்டில் ஓட்ட முடியாது. வீட்டிலிருந்து தோட்டத்துக்குக்கூட டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

என்ன வாங்குவது, எங்கே

இன்ஜினுக்கு ஹீரோ ஹோண்டா குடும்பம்தான் சரி. 1985-ல் வந்த சிடி 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் இரண்டும் 97.2 சிசி: போர் (சிலிண்டர் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 49.5 மி.மீ. சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பதால் மேலே இடம் மிச்சமாகிறது. குட்டி ஃபிரேமுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. உதிரி பாகம் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 இன்ஜின் ஆசை காட்டும். அதன் விலைக்கு இந்த மொத்த வண்டியையும் கட்டிவிடலாம்.

நம்மூர் காயலான் கடைதான் இங்கே பெங்களூரில் குஜிரி. சிவாஜிநகர் குஜிரியில் இன்ஜின் வாங்கும்போது இன்ஜின் நம்பர் தேய்க்கப்படாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பில்லும், பழைய ஆர்சி நகலும் கேளுங்கள். தராவிட்டால் அடுத்த கடை. விலை குறைகிறதே என்று திருட்டு இன்ஜினை வாங்கினால் தலைவலி உங்களுக்குத்தான்.

இன்னொரு பொருளையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்: உடைந்துபோன, உள்ளே ஒன்றுமில்லாத அதே மாடல் கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் வெளிக்கூடு. எடைக்கே கிடைக்கும். ஃபிரேம் கட்டும்போது நல்ல இன்ஜினுக்குப் பதிலாக இதை மாட்டி அளவெடுக்கலாம். வெல்டிங் பொறி விழுந்தாலும் கவலையில்லை, தூக்கித் தூக்கி வைக்க முதுகும் தாங்கும்.

முன் ஃபோர்க், ஸ்விங் ஆர்ம், இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), பிரேக் பேனல் (பிரேக்கைத் தாங்கும் மூடி) எல்லாம் ஸ்ப்ளெண்டரிலிருந்து எடுக்கலாம். கழுத்துக் குழாயை மட்டும் பழைய ஃபிரேமிலிருந்து அறுத்து ஒட்ட வேண்டாம். சேசிஸ் நம்பர் அடித்திருப்பது அங்கேதான். அதை வேறு ஃபிரேமில் ஒட்டினால் போலி வண்டி செய்த கதையாகிவிடும். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளுங்கள்.

சக்கரத்துக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் 16 அங்குல ரிம்மும் 2.50-16 டயரும் போதும். ஹப்பிலும் ரிம்மிலும் துளை எண்ணிக்கை ஒன்றுதானா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஸ்போக் குட்டையாகும், ஸ்போக் கட்டுபவரிடம் புதிய அளவுக்கு மரை உருட்டி வாங்க வேண்டும். பழைய ஸ்போக்கை வெட்டி டையில் மரை போட்டால் அந்த இடத்திலேயே ஒடியும். ரிம் சிறியதானால் பழைய பின்னலில் நிப்பிள் (ஸ்போக்கை இறுக்கும் நட்டு) சாய்வாக உட்காரும், எனவே குறுக்குப் பின்னலில் ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த ரிம் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது.

முதலில் காகிதத்தில்

சக்கரம் சிறியதாகும்போது யாரும் கவனிக்காமல் விடுவது டிரெயில். கழுத்தின் நடுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும், முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. ஹேண்டில் தானாக நடுவுக்குத் திரும்புவது இதனால்தான். கணக்கு எளிது: சக்கர ஆரத்தைக் கழுத்துச் சாய்வின் சைனால் பெருக்கி, ஃபோர்க்கின் ஆஃப்செட்டை (கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து ஆக்ஸில் தள்ளி நிற்கும் தூரம்) கழித்து, வருவதைச் சாய்வின் கொசைனால் வகுக்க வேண்டும். சாய்வை நெட்டுக்குத்துக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும்.

உதாரணமாகச் சாய்வு 26 டிகிரி, ஆஃப்செட் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2.75-18 டயருக்கு ஆரம் ஏறத்தாழ 298 மி.மீ., டிரெயில் 95 வருகிறது. 2.50-16-க்கு ஆரம் 268, டிரெயில் 81. ஸ்கூட்டரின் 90/100-10 டயர் போட்டால் ஆரம் 217, டிரெயில் வெறும் 56. பத்து அங்குலச் சக்கரம் போட்ட வீட்டு வண்டிகள் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்டிலை உதறுவது இதனால்தான். முதல் வண்டிக்கு 75-லிருந்து 95-க்குள் நிறுத்துங்கள். ஆஃப்செட்டை ஊகிக்காமல், ஃபோர்க்கை மேசையில் கிடத்தி, ஸ்டெம்மின் (கழுத்துக்குள் நுழையும் தண்டு) நடுக்கோட்டுக்கும் ஆக்ஸில் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆக்ஸிலுக்கு இடையே 1150 மி.மீ. வையுங்கள். இந்த நீளத்தில் பின்பக்கத்தை 20 மி.மீ. தூக்கினாலே கழுத்துச் சாய்வு ஒரு டிகிரி குறையும். அழகுக்காக நீள ஷாக் அப்சார்பர் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் எந்தச் சாய்வில் பழைய வண்டியில் இருந்ததோ அதே சாய்வில்தான் இங்கும் உட்கார வேண்டும். போனில் உள்ள ரசமட்டத்தைக் கிராங்க்கேஸ் மேல் வைத்து, பழைய வண்டியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாறினால் கார்புரேட்டர் ஃப்ளோட்டின் (மிதவை) மட்டம் மாறி பெட்ரோல் வழியும். ஆயில் அளவும் தப்பாகக் காட்டும்.

ஜிக்

வெல்டு முடியும்வரை பாகங்களை அளவு மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கிதான் ஜிக். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 100×50 மி.மீ. இரும்புச் சேனல், ஒன்றரை மீட்டர், நேராக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மேலே நடுக்கோடு ஒன்றை ஊசியால் கீறுங்கள். பின் ஆக்ஸில், ஸ்விங் ஆர்ம் பின், கழுத்து மூன்றுக்கும் எல் ஆங்கிளில் தூண் வைத்துப் போல்டு போடுங்கள். வெல்டு வைத்தால் பிறகு நகர்த்த முடியாது. ஆக்ஸிலும் ஸ்விங் ஆர்ம் பின்னும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தா என்று மூலமட்டத்தால் பாருங்கள். கழுத்துக்குள் ஒரு நேரான கம்பியை, இரு முனையிலும் கடைந்த கூம்பு வைத்து இறுக்குங்கள். அந்தக் கம்பியிலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டு கீறிய கோட்டின் மேலேயே விழ வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் பின் சக்கரம் நடுக்கோட்டில். பிறகு ஸ்விங் ஆர்ம். அதன் பிறகுதான் இன்ஜின், அதுவும் இன்ஜினின் நடுவைப் பார்த்து அல்ல, செயினைப் பார்த்து. பின் பல்சக்கரத்தின் முகத்தில் நேரான அலுமினியப் பட்டையை வைத்து, அது முன் பல்சக்கரத்தின் முகத்தையும் ஒரே மாதிரி தொடும்படி கிராங்க்கேஸை நகர்த்துங்கள். பிசகு 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். இன்ஜின் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்ததுபோல் தெரியும், தெரியட்டும். இன்ஜினை நடுவில் வைத்துவிட்டு செயினை வளைத்தவர்கள் மாதம் ஒரு பல்சக்கரம் வாங்குகிறார்கள்.

குழாயும் வெல்டிங்கும்

முக்கியக் குழாய்களுக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. சுவர், சீம்லெஸ் (நீளவாக்கில் மூட்டு இல்லாதது). மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஆறு மீட்டர் நீளமாகத்தான் விற்பார்கள். ஒன்றரை நீளம் வாங்கினால் வெட்டிக் கெடுத்ததும் சேர்த்துச் சரியாக வரும். தண்ணீருக்குப் போடும் ஜிஐ பைப் கூடவே கூடாது: துத்தநாகப் புகை சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும், வெல்டிலும் ஓட்டை விழும்.

குழாயோடு குழாய் சேரும் முனையை மீன்வாய் போல அரைத்துப் பொருத்துங்கள். இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் மறுபடி வெட்டுங்கள். இடைவெளியை வெல்டால் நிரப்பினால் அது ஆறும்போது இழுக்கிற இழுப்பில் கழுத்தே சாயும். இருபுறமும் அடைபடும் குழாயில் மறைவாக 3 மி.மீ. துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசி வெல்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் வெல்டிங் மெஷின் மாட்டினால் சாக்கெட் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனி எம்சிபி, தனி வயர் இழுக்க முடியாத வீடு என்றால், டாக் (பிடித்து நிறுத்தும் பொட்டு வெல்டு) மட்டும் வீட்டில் வையுங்கள். முழு வெல்டை ஜிக்கோடு பீன்யாவுக்கு எடுத்துப்போய் மிக் வெல்டிங் மெஷினில் போடச் செய்யுங்கள். பல வீட்டு வேலைகளுக்கு இதுவே நல்ல ஏற்பாடு. அடுத்த வீட்டாரோடும் சண்டை இல்லை. ஆர்க் மெஷின்தான் என்றால் 2.5 மி.மீ. ராடுக்கு 70-லிருந்து 90 ஆம்ப்.

எல்லா மூட்டிலும் நாலு டாக். அளவு பார்க்கவும். பிறகு ஒரு மூட்டில் 25 மி.மீ. ஓட்டி, எதிர்ப்பக்க மூட்டுக்கு மாறி, மறுபடி இங்கே. கைசூடு ஆகும்வரை ஜிக்கிலிருந்து கழற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஆற்றவும் வேண்டாம். கழுத்தில் பேரிங் கப் உட்காரும் துளையை அரை மி.மீ. சிறியதாகவே விட்டு, வெல்டு முடிந்தபின் லேத்தில் இறுதி அளவுக்குக் கடையுங்கள். வெல்டு சூட்டில் துளை முட்டை வடிவமாகும். முன்பே கடைந்திருந்தால் கப் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, ஹேண்டில் திரும்பும்போது கட்கட்டென்று நிற்கும். கழுத்தடியில் 3 மி.மீ. தகட்டில் முக்கோண முட்டு வையுங்கள். அதன் வெல்டு குழாயின் நீளவாக்கில் ஓடட்டும், குழாயைச் சுற்றிக் குறுக்காக முடிய வேண்டாம். விரிசல் விழுவது அந்தக் குறுக்கு முனையில்தான்.

விரிசல் பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. வெல்டின் மேல் மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக் கோடு மெல்லத் தலைகாட்டும்.

உண்மையான இன்ஜின் மாட்டிய பிறகு ஃபிரேமில் ஒரு டாக்கூட வைக்காதீர்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருளைகளைப் பொத்தல் போடும், சிடிஐயும் (ஸ்பார்க்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) செத்துவிடும்.

மாட்டுவது

செயின் 428. ஷாக் போடாமல் ஸ்விங் ஆர்மை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் பின், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். அந்த நிலையில் 10-லிருந்து 15 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும்போது இறுக்கிவிட்டு ஆள் உட்கார்ந்தால் கியர் பாக்ஸ் பேரிங்தான் பலி.

பின் பிரேக் பேனலைப் பிடித்து நிறுத்தும் டார்க் ராடை மறந்தால், முதல் பிரேக்கில் பேனலே சக்கரத்தோடு சுற்றி பிரேக் ராடை முறுக்கிப் போடும். டார்க் ராடின் இரு முனையிலும் ஸ்பிலிட் பின் போடுங்கள். முன் பேனலின் பள்ளம் ஃபோர்க்கின் முட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று கை வைத்துத் தடவிப் பாருங்கள். போல்டெல்லாம் 8.8 தரம், எஸ்.பி. ரோட்டில் எண்ணி வாங்கலாம். எம்8-க்கு 25, எம்10-க்கு 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

டேங்கின் அடி கார்புரேட்டரை விட ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். பழைய டேங்கை எத்தனை முறை கழுவினாலும் வெல்டு வைக்காதீர்கள். மூலையில் ஒட்டிய ஆவி போதும், வெடிக்கும்.

வயரிங் இந்த வண்டிக்கு ஐந்து வயர்தான். மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் பாகம்) கருப்பு-சிவப்பும், ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்ஸர் வயரும் சிடிஐக்கு, சிடிஐயிலிருந்து கருப்பு-மஞ்சள் இக்னிஷன் காயிலுக்கு, கருப்பு-வெள்ளை இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சுக்கு, பச்சை எர்த். ஸ்பார்க் வரவில்லையா, முதலில் கருப்பு-வெள்ளையைக் கழற்றிவிட்டு உதையுங்கள். வந்துவிட்டால் ஸ்விட்ச்தான் கெட்டது. அப்போதும் இல்லையென்றால் பெயின்ட்டைச் சந்தேகப்படுங்கள்: பவுடர் கோட்டிங்குக்கு மேலேயே காயிலை மாட்டினால் எர்த் கிடைக்காது. காயில் உட்காரும் இடத்தையும் எர்த் போல்டு இடத்தையும் இரும்பு தெரியச் சுரண்டுங்கள்.

ஆயில் 900 மி.லி. ஊற்றி, பிளக் இல்லாமல் இருபது உதை. பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சென்னையில் செட் செய்த கார்புரேட்டர் என்றால் 900 மீட்டர் உயரமுள்ள பெங்களூரில் கொஞ்சம் பெட்ரோல் அதிகமாகவே குடிக்கும். பிளக் கருத்தால் கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவில் அரைச் சுற்று திறந்து பாருங்கள்.

ஏறி உட்காருமுன் நூல் சோதனை. பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி இரண்டு நூலை முன் சக்கரம் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது இரு பக்க இடைவெளியும் 2 மி.மீ.க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிசகு.

முதல் பத்து கிலோமீட்டர் இரண்டாவது கியரைத் தாண்ட வேண்டாம், ஹெல்மெட்டும் ஷூவும் கட்டாயம். நிறுத்தியதும் எல்லா நட்டும் ஒரு சுற்று, ஸ்போக்கை விரலால் தட்டி ஒரு சுற்று. ஐம்பதாவது கிலோமீட்டரில் கழுத்தடி முட்டைத் துடைத்து மறுபடி சாக்பீஸ் பூசிப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அதுவரை அவசரமில்லை. பெயின்ட் பூசிய ஃபிரேமில் விரிசல் தெரியாது.