வீட்டுக்கடன் தவணை கட்ட முடியவில்லையா? வங்கியிடம் மறுசீரமைப்பு கேட்பது இப்படித்தான்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் ஆர்டர் சுருங்கி, எங்கள் ஜாப்வொர்க் யூனிட்டில் பாதி நாள் மிஷின் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் வங்கியிடம் மறுசீரமைப்பு கேட்டு, அதாவது கடனின் காலத்தையும் தவணையையும் மாற்றித் தரச் சொல்லி, வீட்டுக்கடன் தவணையைக் குறைத்து வாங்கினேன். எப்படி என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்பதால் எழுதிவிடுகிறேனுங்க.

1. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் பேச்சே வசூல் பிரிவோடுதான். அதற்கு முன்பே போங்க. இதற்காக ஆப்பில் பெர்சனல் லோன் எடுத்துத் தவணை கட்டுவது வேண்டவே வேண்டாம்.

2. மறுசீரமைப்பு என்றால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் குறிப்பு ஏறும். அதனால் முதலில் வட்டியைப் பாருங்க. 2025-ல் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி, 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது. ரெப்போவோடு இணைந்த கடனில் வட்டி குறைந்தாலும், பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தைத்தான் குறைக்கின்றன. "காலம் பழையபடி இருக்கட்டும், தவணையைக் குறையுங்க" என்று எழுதிக் கேட்கலாம். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

3. கடிதம். எனக்கு இங்கேதான் இழுத்தது. கஷ்டத்தை எவ்வளவு எழுதினாலும் மேனேஜர் கேட்பது ஒன்றுதான்: குறைத்த தவணையை எதை வைத்துக் கட்டுவீர்கள்? ஆகவே முன்பு வருமானம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து குறைந்தது, வீட்டுச் செலவு போக மிச்சம் என்ன, எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆர்டர் ரத்தான மெயில், எது இருக்கிறதோ அதை இணையுங்க. நகைக்கடன் இருந்தால் மறைக்காதீங்க. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்க. வாய்ப்பேச்சை நான் நம்புவதில்லை.

4. வங்கி சொல்லும் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்காதீங்க. கூகுள் ஷீட்டில் தவணையைக் கணக்கிடும் பிஎம்டி (PMT) சூத்திரம் போட்டால் போதும், ஆப் எதுவும் வேண்டாம். 25 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி, 12 வருடம் என்றால் தவணை சுமார் 27,750. 20 வருடமாக நீட்டினால் 21,700. மாதம் ஆறாயிரம் மிச்சம், சரி, ஆனால் மொத்த வட்டி 12 லட்சம் கூடுகிறது. கொஞ்ச நாள் தவணையை நிறுத்தி வைக்கும் மாரடோரியமும் தள்ளுபடி இல்லை, அந்த மாதங்களின் வட்டி பாக்கியில் சேரும்.

5. மறுசீரமைப்பு நம் உரிமை இல்லை, வங்கியின் முடிவு. அதைக் கொடுக்கச் சொல்லி, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் உத்தரவு போட மாட்டார். ஆனால் எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

பிற்சேர்க்கை: சனிக்கிழமை கையில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆதாரத்துக்கு எங்கே போவது என்று பல்லடத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். சம்பளத்தை வாராவாரம் அப்படியே கணக்கில் போட்டு எடுங்க, ஸ்டேட்மென்டில் வரவு தெரியும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் சம்பளக் கடிதமும் கேளுங்க, பிஎஃப் பிடித்தால் அந்தப் பாஸ்புக்கும் உதவும்.

இன்னொருவருக்கு, வாராக்கடனுக்காக அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸே வந்துவிட்டது. அதில் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதையும் மீறிச் சொத்தைக் கையகப்படுத்த வந்தால், 45 நாளுக்குள் கோவையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அங்கே வக்கீல் இல்லாமல் போகாதீங்க.