இமேஜ் கேப்சர் தோற்றுப்போகிறதா? வெர்ஷன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விர்ச்சுவல் மெஷினை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) இமேஜாக, அதாவது புது மெஷின்களை உருவாக்க உதவும் அச்சாக எடுக்கப்போகும்போது வேலை பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலானவர்கள் இமேஜை எடுக்கும் கேப்சர் கருவியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், அதே பட்டனை மறுபடி அழுத்துகிறார்கள், அதே பிழை மறுபடி வருகிறது. உண்மையில் அந்தக் கருவி, தோற்றுப்போன செய்தியை நமக்குக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. காரணம் பல நேரம் வேறு இடத்தில், சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு வெர்ஷனில் நிற்பதில் இருக்கும். அந்த இரண்டு எவை என்று கண்டுபிடிக்காமல் செய்யும் எந்த வைத்தியமும் வீண்தான்.

விண்டோஸில் இது அதிகம் நடப்பது, இமேஜ் எடுக்கும் முன் மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் கருவியில். "உங்கள் விண்டோஸ் நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை" என்று ஒரு சின்னப் பெட்டி வரும், அதை மூடிவிட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் முதல் தவறு. பெட்டியில் ஒன்றும் இருக்காது. விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் சிஸ்பிரெப், அதற்குள் பாந்தர் என்று போய் செட்டப்எர், செட்டப்ஆக்ட் என்ற இரண்டு லாக் கோப்புகளையும் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு ஆப்பின் பெயரைப் போட்டு, இது ஒரு பயனருக்கு நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் எல்லாப் பயனர்களுக்கும் ஒதுக்கப்படவில்லை என்று எழுதியிருந்தால், அது அப்பட்டமான வெர்ஷன் முரண். விண்டோஸ் ஸ்டோர் ஆப்களுக்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது: புதிதாக வரும் பயனருக்குக் கொடுக்க ஒன்று, இப்போது உள்ள ஒவ்வொரு பயனரிடமும் இருப்பது ஒன்று. நீங்கள் லாகின் செய்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர் பின்னணியில் உங்கள் கணக்கில் உள்ள ஆப்பை மட்டும் புதுப்பித்துவிடும், பொதுப் பட்டியலில் பழைய வெர்ஷனே கிடக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிஸ்பிரெப் நின்றுவிடும், அது நிற்பதும் சரிதான்.

இங்கே இணையத்தில் கிடைக்கும் "எல்லா ஸ்டோர் ஆப்களையும் அழி" வகை ஸ்கிரிப்ட்டை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். அது ஒரு பட்டியலில் மட்டும் கைவைத்தால் முரண் இன்னும் கூடும். லாக் பெயர் சொல்லும் அந்த ஒரு ஆப்பைப் பவர்ஷெல்லில் பயனர் கணக்கிலிருந்தும் நீக்க வேண்டும், பொது ஒதுக்கீட்டிலிருந்தும் நீக்க வேண்டும், அப்புறம் மறுபடி ஓட்டினால் அடுத்த ஆப் ஒன்றின் பெயர் வந்தாலும் வரலாம், அதையும் அதே மாதிரி. இதைவிட நல்லது, இமேஜ் தயாரிக்கும் மெஷினில் ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுவது. முடிந்தால் நெட்வொர்க்கையே கழற்றிவிடுங்கள்.

லினக்ஸில் அஸூர் ஏஜென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூருக்காக மெஷினுக்குள் ஓடும் மென்பொருள் அது. வெர்ஷன் கேட்டால் அது இரண்டு எண்களைக் காட்டும், முதல் வரியில் ஒன்று, கடைசியில் கோல் ஸ்டேட் ஏஜென்ட் என்று இன்னொன்று. முதலாவது டிஸ்ட்ரோ (லினக்ஸ் பதிப்பு) பேக்கேஜாக நிறுவப்பட்டது, இரண்டாவது தானாகவே புதுப்பித்துக்கொண்டு இப்போது ஓடிக்கொண்டிருப்பது. கடைசி வரியைப் பார்த்துவிட்டு "புது வெர்ஷன்தானே, பிரச்சினை இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் மெஷினின் தனி அடையாளங்களைத் துடைக்கும் டீபுரொவிஷன் கட்டளையை நீங்கள் கையால் கொடுக்கும்போது ஓடுவது பழைய பேக்கேஜ்தான். நடுவில் ஒரு பைத்தான் வெர்ஷன் வரியும் இருக்கும், அதையும் படியுங்கள். யாராவது சிஸ்டம் பைத்தானை மாற்றியிருந்தால் ஏஜென்ட் அங்கேயே படுத்துவிடும்.

அஸூரில் இன்னொன்று, இது ஆபத்தானது. மெஷினை "ஜெனரலைஸ்டு" (பொதுவாக்கப்பட்டது) என்று குறிக்கும் கட்டளை உள்ளே எதையும் சுத்தம் செய்வதில்லை, வெளியே ஒரு முத்திரை குத்துவது மட்டும்தான். உள்ளே சிஸ்பிரெப்போ டீபுரொவிஷனோ தோற்றிருந்தாலும் முத்திரை விழுந்துவிடும், அதன்பின் அந்த மெஷினை மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாது. இமேஜும் உருவாகிவிடும், அதிலிருந்து புது மெஷின் எழுப்பும்போதுதான் புரொவிஷனிங் டைம்அவுட் என்று வரும். ஆகவே எதைத் தொடுவதற்கு முன்னாலும் டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள், இதில் சோம்பல் கூடவே கூடாது. அஸூரின் இமேஜ் கேலரியில் போடுவதாக இருந்தால் இமேஜ் வரையறையின் தலைமுறையும் (ஜெனரேஷன் 1 அல்லது 2) மெஷினின் தலைமுறையும் ஒன்றா என்றும் பாருங்கள். முதல் தலைமுறை வரையறைக்குள் இரண்டாம் தலைமுறை மெஷின் போகாது.

சொந்த சர்வரில் கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஹோஸ்ட் (மெஷின்களை ஓட்டும் சர்வர்) பழையது, கெஸ்ட் (அதற்குள் ஓடும் மெஷின்) புதியது. உதாரணத்துக்கு, லினக்ஸ் பதிப்பான ரெட் ஹேட் 8, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் ரீஃப்லிங்க் (ஃபைல்கள் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும்) வசதியை இயல்பாகவே இயக்கிவைக்கிறது, ரெட் ஹேட் 7 கர்னலுக்கு அது தெரியாது. கேவிஎம் மெஷின்களைச் சுத்தம் செய்யும் விர்ட்-சிஸ்பிரெப் கருவி, கெஸ்ட்டின் டிஸ்க்கைத் திறக்கப் பயன்படுத்துவது ஹோஸ்ட்டின் கர்னலைத்தான். இதில் குழப்புவது என்னவென்றால், அந்தப் பழைய கர்னல் டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், எழுத விடாது. அதனால் ஃபைல்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், விர்ட்-சிஸ்பிரெப் மட்டும் தோற்கும், நீங்கள் பர்மிஷனைத் துருவிக்கொண்டிருப்பீர்கள். கெஸ்ட்டுக்கு நிகரான அல்லது அதைவிடப் புதிய ஹோஸ்ட்டில் ஓட்டுவதுதான் தீர்வு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை மெமரியோடு சேர்த்துச் சேமித்தால் மெஷின் டைப்பும் (மெஷினுக்குக் காட்டப்படும் வன்பொருள் மாதிரி) சேர்ந்துகொள்ளும்: வெறும் க்யூ35 என்று கொடுத்தாலும் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் அதை அன்றைக்குள்ள எண்ணோடு எக்ஸ்எம்எல்லில் எழுதிவைக்கும், அந்த எண் தெரியாத பழைய கியூஇஎம்யூ (மெஷினை ஓட்டும் மென்பொருள்) அதை எழுப்பாது.

விஎம்வேரில் விர்ச்சுவல் மெஷினின் ஹார்டுவேர் வெர்ஷனை உயர்த்தச் சொல்லி வரும் அழைப்புக்கு யோசிக்காமல் சரி சொல்லாதீர்கள். அதன் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 8.0 தரும் 20ஆம் வெர்ஷனுக்கு ஏற்றிவிட்டு எடுத்த டெம்ப்ளேட், 17 வரை மட்டுமே தெரிந்த 7.0 சர்வரில் ஏறாது, ஏற்றியதை நேரடியாக இறக்கவும் வழி கிடையாது.

விண்டோஸ் பிஇ (மீடியாவிலிருந்து பூட் ஆகும் சின்ன விண்டோஸ்) வழியாக டிஸ்ம் என்ற இமேஜ் கருவியில் எடுப்பவர்களுக்கு: விண்டோஸ் 10இன் 1809 வெர்ஷன் முதல் பிஇ தனி ஆட்-ஆன். ஏடிகேயை (மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் நிறுவல் கருவித் தொகுப்பு) புதுப்பித்துவிட்டு ஆட்-ஆனைப் பழையதாகவே விட்டுவிடுவது சகஜம். இரண்டும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும், பூட் மீடியாவையும் அதிலிருந்து புதிதாக உருவாக்க வேண்டும்.

கடைசியாக, "எல்லாவற்றையும் லேட்டஸ்ட்டுக்குப் போட்டுவிடலாம்" என்ற எண்ணம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு முரணைத் தீர்க்கப்போய் மூன்று புது முரண்களை இழுத்துவிடுவதோடு, எது காரணம் என்பதும் மறைந்துவிடும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இமேஜைத் தானாகத் தயாரிக்கும் பேக்கர் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பிளகின் வெர்ஷனைக் கோப்பிலேயே பூட்டிவிடுங்கள். வெற்றிகரமாக எடுத்த ஒவ்வொரு இமேஜின் டேகிலும் ஓஎஸ் பில்டு, ஏஜென்ட், கேப்சர் கருவி மூன்றின் எண்களையும் எழுதுங்கள். அடுத்த முறை தோற்றால், வேலை செய்த கடைசி இமேஜின் டேகையும் இப்போதைய எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.