நாய் திடீர்னு பயப்பட ஆரம்பிச்சா நாம பண்ற தப்புங்க

நேத்து வரைக்கும் வீடு முழுக்க ஓடிட்டு இருந்த நாய் இன்னைக்கு கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது, இல்ல ஒரே ஒரு ரூமுக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டேங்குது, இல்ல சும்மா நிக்குறப்பவே மேல எதையோ பாத்து நடுங்குது. என்ன மாறுச்சுன்னு யோசிச்சா வீட்ல ஒண்ணுமே மாறல. இந்த மாதிரி நேரத்துல நம்ம மூளை சும்மா இருக்காது, உடனே ஒரு கதை கட்டிடும். யாரோ அடிச்சிருப்பாங்க, நம்ம கண்ணுக்கு தெரியாத ஏதோ அதுக்கு தெரியுது, இல்லன்னா சும்மா சீன் போடுது. முதல் தப்பே இதுதான், ஏன்னா கதை ஒண்ணு கெடைச்சதும் காரணம் தேடுறத விட்டுடுவோம்.

முதல்ல பாக்க வேண்டியது உடம்பு, மனசெல்லாம் அப்புறம். அதுலயும் வலி. நொண்டல, கத்தல, நல்லா சாப்பிடுது, அப்புறம் என்ன வலின்னு கேப்பாங்க. நாய் வலிய அப்படி காட்டாது. 2018ல இங்கிலாந்து, பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து சத்தத்துக்கு பயப்படுற 20 நாய்ங்கள பாத்தாங்க, அதுல 10 நாய்க்கு தசை, மூட்டு சம்பந்தமான வலி இருந்துச்சு. வலி இருந்த நாய்ங்களுக்கு இந்த பயம் மத்த நாய்ங்கள விட சராசரியா கிட்டத்தட்ட 4 வருஷம் லேட்டா வந்திருக்கு, அதோட சத்தத்துக்கு மட்டும் இல்லாம சத்தம் கேட்ட இடத்துக்கும் பயம் பரவியிருக்கு, மத்த நாய்ங்கள பாத்தாலும் ஒதுங்கியிருக்கு. ரொம்ப சின்ன ஆராய்ச்சிதான், ஆனா லாஜிக் புரியுது: டமால்னு ஒரு சத்தம் கேக்குது, உடம்பு தூக்கி வாரிப் போடுது, ஏற்கனவே வலிச்சிட்டிருக்குற இடுப்போ முதுகோ சுருக்குனு இழுக்குது. நாய்க்கு இடுப்பு பத்தி தெரியாது, அந்த சத்தம்தான் வலிக்க வெச்சுதுன்னு முடிவு பண்ணிடும், அடுத்து அந்த ரூம், அடுத்து அந்த தெரு. அதனால பயம்னா என்னன்னே தெரியாம வளந்த நாய் அஞ்சாறு வயசுக்கு மேல திடீர்னு பயப்படுதுன்னா எனக்கு முதல்ல வலி மேலதான் சந்தேகம் வரும்.

மாடிப்படிய எடுத்துக்கோங்க. நாய் படி கிட்ட வரும், ஒரு முன்னங்கால தூக்கி முதல் படியில வெச்சு எடுக்கும், உதட்ட ஒரு தடவ நக்கிக்கும், காது ரெண்டும் பின்னாடி போகும், திரும்பி உங்கள ஒரு பார்வை பாக்கும், அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி போய் தரையில மோப்பம் பிடிக்கும். நாம "படிக்கு பயப்படுது"ன்னு சொல்லிட்டு ஏத்தி பழக்க ஆரம்பிச்சிடுவோம். பிரச்சனை படியே இல்லாம அந்த முட்டியா இருக்கலாம், இல்ல பளபளன்னு இருக்குற தரையில முன்னாடி ஒரு தடவ வழுக்கினப்ப சுளுக்கின முதுகா இருக்கலாம். காது இன்ஃபெக்‌ஷன், பல் வலி, ஆசனவாய் பக்கத்துல இருக்குற சுரப்பி அடைச்சுக்கறது, இதெல்லாமும் தொட்டா ஒதுங்குற நாயா மாத்திடும்.

டாக்டர்கிட்ட போறப்ப வெறும் வாயால சொல்றதோட விட்டுடறது அடுத்த தப்பு. கிளினிக் டேபிள் மேல ஏத்தினதும் இருக்குற பதட்டத்துல பல நாய்ங்க வலிய காட்டவே காட்டாது, டாக்டரும் "நல்லாத்தான் இருக்கு"ன்னு அனுப்பிடுவாரு. வீட்ல நடக்குறத போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க, நடக்குறது, உக்காந்து எழுந்திரிக்கிறது, பயப்படுற நேரம், எல்லாமே. எந்த நேரத்துல, எந்த இடத்துல, எவ்வளவு நேரம்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சாலே போதும்.

நேரம் குறிக்க சொல்றதுக்கு காரணம் இருக்கு. இருட்டுன அப்புறம் மட்டும் வெளிய போக பயப்படுதுன்னா கண்ண பாக்கணும், விழித்திரை மெல்ல மெல்ல கெட்டுப்போற பரம்பரை நோய்ல மங்கல் வெளிச்சத்துல தெரியுற பார்வைதான் முதல்ல போகும். பகல்ல நல்லா ஓடும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. அதே மாதிரி, எந்த காரணமும் இல்லாம திடீர்னு உறைஞ்சு நிக்குது, இல்லாத ஈய கவ்வுற மாதிரி காத்துல கடிக்குது, ஓடி ஒளியுது, கொஞ்ச நேரத்துல நார்மல் ஆயிடுதுன்னா அது மூளையில ஒரு பகுதியில மட்டும் வர்ற வலிப்பா இருக்கலாம், உடம்பு முழுக்க உதறணும்னு இல்ல. ஈ கவ்வுறது வயித்து கோளாறுலயும் வரும், ரெண்டையும் வீட்ல உக்காந்து பிரிச்சு பாக்க முடியாது.

வயசான நாய்னா "வயசாயிடுச்சு, அப்படித்தான்"னு விட்டுடறாங்க. 2001ல வந்த ஒரு ஆராய்ச்சியில 11-12 வயசு நாய்ங்கள்ல 28 சதவீதத்துக்கும், 15-16 வயசுல 68 சதவீதத்துக்கும் மூளை தளர்ச்சிக்கான அறிகுறி ஒண்ணாவது இருந்துச்சு. ராத்திரி எழுந்து சுத்துறது, மூலையில போய் மாட்டிக்கிட்டு நிக்குறது, தெரிஞ்ச ஆளையே பாத்து மிரளுறது எல்லாம் இதுல வரும். முழுசா குணமாகாது, ஆனா மருந்து, உணவு மாத்தம்னு டாக்டர்கிட்ட வழி இருக்கு, அதனால காட்டாம இருக்காதீங்க.

உடம்புல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா வீட்ட பாருங்க, ஆனா உங்க காத வெச்சு பாக்காதீங்க. நமக்கு கேக்குறது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும். எலிய விரட்டுறதுக்குன்னு பிளக்ல மாட்டி வெக்கிற அல்ட்ராசானிக் கருவி நமக்கு ஊமை, நாய்க்கு இல்ல. ஸ்மோக் அலாரம் பேட்டரி தீரப் போறப்ப விட்டு விட்டு ஒரு "கீச்" சத்தம் விடுமே, நாம அத ரெண்டாவது நாள்ல கவனிக்கிறதையே விட்டுடுவோம், ஆனா இந்த மாதிரி விட்டு விட்டு வர்ற கூர்மையான சத்தம்தான் பல நாய்ங்களுக்கு தாங்க முடியாதது. 2021ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வீட்டு சத்தங்களுக்கு பயப்படுற நாய்ங்களோட வீடியோக்கள பாத்தப்ப, நாய் மிரண்டு போய் நிக்குது, ஓனர் சிரிச்சிட்டு இருக்காரு, இப்படி நிறைய இருந்துச்சு. சிரிக்குறவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு அது பயம்னு தெரியல, அவ்வளவுதான். கொட்டாவி விடுறது, உதடு நக்குறது, கண்ணோட வெள்ளை ஓரமா தெரியுறது, சூடே இல்லாம மூச்சு வாங்குறது எல்லாமே பயத்தோட அடையாளமா இருக்கலாம். பயப்படுற ரூம்ல இருக்குற மெஷின்கள ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி பாருங்க.

சரி, காரணம் தெரியுற வரைக்கும் என்ன பண்ணக்கூடாது? கட்டிலுக்கு அடியில இருந்து காலைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. அது தப்பிக்க கண்டுபிடிச்ச ஒரே இடம் அது, அதையும் பிடுங்கிட்டா அடுத்தது பல்லுதான். உறுமுனா திட்டவும் கூடாது. திட்டி திட்டி உறுமல நிறுத்திடலாம், பயத்த நிறுத்த முடியாது, அப்புறம் எச்சரிக்கையே இல்லாம கடிக்கிற ஒரு நாய நீங்களே உருவாக்கியிருப்பீங்க.

"பழகட்டும்"னு பயப்படுற இடத்துலயே பிடிச்சு வெக்கிறது இன்னும் மோசம். நாய் கொஞ்ச நேரத்துல அமைதியாயிடும், நாமளும் சரியாயிடுச்சுன்னு நினைப்போம். அந்த அமைதி பல நேரம் கைவிட்ட அமைதி, உறைஞ்சு போய் நிக்குது அது. ஆறு மாசத்துல இருந்து ஒண்ணே கால் வயசு வரைக்கும் உள்ள இளசுங்ககிட்ட இத பண்ணவே பண்ணாதீங்க, அந்த வயசுல பல நாய்ங்க தெரிஞ்ச பொருளுக்கே திடீர்னு மிரளும், தள்ளி நின்னு பாக்க விட்டா தானா கடந்து போயிடும், அமுக்கிப் பிடிச்சா அந்த ஒரு தடவையே மனசுல தங்கிடும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு: தடவிக் கொடுத்தா பயம் அதிகமாயிடும்னு கண்டுக்காம இருக்கறது. எவ்வளவு பேர் இத நம்பிட்டு நடுங்குற நாய தனியா விட்டுடறாங்க! பயம் ஒரு உணர்ச்சி, ட்ரீட் (பிடிச்ச தீனி) வாங்க போடுற வித்தை இல்ல, நீங்க ஆறுதல் சொன்னதால அது வளராது. பக்கத்துல வந்தா தடவுங்க, வரலன்னா விடுங்க, நீங்களும் சேர்ந்து பதறாம இருந்தா சரி.

ட்ரீட் விஷயத்துல ஒரு சின்ன நுணுக்கம். பயப்படுற இடத்துக்குள்ள ட்ரீட்ட போட்டு ஆசை காட்டி வர வெக்காதீங்க, சாப்பாட்டுக்காக கழுத்த நீட்டிட்டு வந்து நடுவுல மிரண்டா அப்புறம் ட்ரீட் மேலயே சந்தேகம் வந்துடும். நாய் இயல்பா இருக்குற தூரத்துலயே நில்லுங்க, பயமுறுத்துற விஷயம் தெரியட்டும், அப்புறம் கொடுங்க, இந்த வரிசை மாறக்கூடாது. பிடிச்ச சாப்பாட்டையே தொடலன்னா அடம் இல்ல, ரொம்ப கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம். 2020ல வெளியான ஒரு சர்வேயில பட்டாசு பயத்துக்கு இந்த மாதிரி சத்தத்தோட சாப்பாடு, விளையாட்ட சேர்த்து பழக்கினவங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல பலன் இருந்துச்சுன்னு சொன்னாங்க, மூலிகை, வாசனை பொருள் வகையறாவ பயன்படுத்தினவங்கள்ல மூணுல ஒருத்தர் கிட்டதான் அப்படி சொன்னாங்க. எதுக்கு முதல்ல காசு செலவு பண்ணணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

மருந்துல மட்டும் தயவுசெஞ்சு சொந்தமா இறங்காதீங்க. வலியா இருக்குமோன்னு நாம போடுற பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் கொடுத்தா கல்லீரல், வயிறு, கிட்னின்னு அடி வாங்கும், உயிரே போகலாம். பழைய ஆளுங்க சொல்ற அசிப்ரோமசின்ங்கற மயக்க மருந்த தனியா கொடுத்தா உடம்ப அசையாம போட்டுடும், உள்ள பயம் அப்படியே இருக்கும், ஓடக்கூட முடியாம பயப்படுறது எவ்வளவு கொடுமை. சத்த பயத்துக்குன்னே ஈறுல தடவுற டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்ல அமெரிக்காவுல அனுமதிச்சிருக்காங்க, பதட்டத்துக்கு தினமும் கொடுக்குற ஃப்ளூஆக்ஸெட்டின் மருந்து வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாள்ல மாத்தம் தெரியலன்னு நிறுத்திட்டு "மருந்து வேஸ்ட்"னு சொல்றவங்கதான் அதிகம்.

பயத்தோட சேர்ந்து தள்ளாட்டம், தலை ஒரு பக்கமா சாயுறது, ஈறு வெளுத்துப் போறது, திடீர்னு பொருள் மேல முட்டிக்கறது, இல்ல அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்காம போற வலிப்புன்னா மேல சொன்ன எதையும் முயற்சி பண்ணிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே, அந்த நேரமே டாக்டர்.