சீத்தைத் துணியில் கலைடாஸ்கோப் கட்டம்: கத்தரிக்கோல் மட்டும் வைத்துச் செய்யும் முறை

ஹட்டன் பஜாரில் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் பெரிய பூப்போட்ட சீத்தைத் துணி கிடைக்கும். கவுனுக்கும் ஜன்னல் திரைக்கும்தான் பெரும்பாலும் வாங்குவோம். அந்தத் துணியில் ஒரே பூவின் ஒரே பகுதியை ஆறு இடத்தில் முக்கோணமாக வெட்டி, முனைகளை நடுவில் சேர்த்துத் தைத்துப் பாருங்கள். துணியில் எங்கே தேடினாலும் காணாத ஒரு நட்சத்திரம் வரும். ஆறு முக்கோணமும் சேர்ந்த அந்தத் துண்டைத்தான் கட்டம் என்கிறேன். முதல் கட்டத்தை விரித்து வைத்த அன்று நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் மூன்று கண்ணாடிப் பட்டையைச் சேர்த்துக் கட்டி, உள்ளே உடைந்த வளையல் துண்டு போட்டுப் பார்ப்போமே, அதே வேலைதான் இது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் 1816இல் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். இரண்டு கண்ணாடிகள் 60 பாகையில் நின்றால் ஒரு துண்டு ஆறாகத் தெரியும். ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணாடியில் பிம்பம் இடவலம் மாறும். நம் துணியில் அப்படி மாறாது, ஒரே துண்டுதான் நடுவைச் சுற்றி வரும். அதனால் கட்டம் காற்றாடி மாதிரி சுழல்வதாகத் தோன்றும்.

துணி எடுப்பது

பூ பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். வெற்றிடம் நிறைய இருந்தால் நட்சத்திரம் மங்கிவிடும். பொடிப் பூ வேண்டாம், எல்லாக் கட்டமும் ஒன்று போலவே வரும். கருமையும் வெளிச்சமும் கலந்த, வளைந்த இலையும் கொடியும் உள்ள துணி நன்றாக வரும். கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சின்ன முகக்கண்ணாடி இரண்டைத் திறந்த புத்தகம் போல துணிமேல் நிறுத்திப் பாருங்கள். இடவலம் மாறித்தான் தெரியும், ஆனாலும் கட்டம் ஏறக்குறைய எப்படி வரும் என்று புரிந்துவிடும்.

அடுத்து அளவு. ஒரு பூவின் நுனியில் விரலை வைத்து, துணியின் கரையோரமாக நேரே வாருங்கள். அதே பூ அதே பக்கம் பார்த்தபடி மறுபடி எங்கே வருகிறதோ, அதுவரை அளந்துகொள்ளுங்கள். 12 அங்குலத்துக்கு ஒருமுறை வந்தால் ஆறு பூவுக்கு 72 அங்குலம், அதாவது 2 யார். அகலத்திலும் அதே பூ இருமுறை வந்தால் 1 யார் போதும். எதற்கும் கால் யார் கூட எடுங்கள்.

துவைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். ஆனி, ஆடி மழையில் நம் பக்கம் துணி இரண்டு நாளானாலும் முழுசாகக் காயாது. ஈரப்பதம் இருக்கும்போது இஸ்திரி போட்டு இழுத்தால் பூ கோணிவிடும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய சோற்றுக் கஞ்சி போட்டு மறுபடி காயவையுங்கள். துணி கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் முக்கோணம் நீளாமல் நிற்கும்.

அச்சு செய்வது

ஆறு மடிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே வெட்டில் வெட்டும் முறையும் உண்டு. அதற்கு உருளும் கத்தி வேண்டும். கத்தரிக்கோல் துணியைத் தூக்கித் தூக்கி வெட்டும், அடி மடிப்பு நகர்ந்துவிடும். எனக்கு அப்படி ஒரு முழு யார் வீணாகிப்போனது. புதிதாகச் செய்பவர்கள் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். நேரம் கூடப் போகும், ஆனால் பூ பிசகாது.

துணிமேல் வைத்து வரைய முக்கோண அச்சு ஒன்று வேண்டும். அதற்குத் தெளிவான பிளாஸ்டிக் பைல் கவரை எடுங்கள். அதில் 11 சென்டிமீட்டர் கோடு போட்டு, காம்பஸை அதே அளவு விரித்து இரு முனையிலிருந்தும் வில் வரையுங்கள். அவை வெட்டும் இடம்தான் உச்சி. இப்போது மூன்று பக்கமும் சமம், உயரம் கிட்டத்தட்ட 3¾ அங்குலம். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். வெளியே நிற்பது தையலுக்குள் போய்விடும், உள்ளே தெரிவதுதான் கட்டத்தில் தெரியும்.

அச்சைத் துணிமேல் நகர்த்தி, உங்களுக்குப் பிடித்த இடத்தைத் தேடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முடிந்தால் அடிப்பக்கம் துணியின் இழையோடு நேராக இருக்கட்டும், அப்போதுதான் கட்டத்தின் வெளி ஓரம் இழுபடாது. இடம் முடிவானதும் அடியில் தெரியும் இதழ் ஓரம், காம்பு, இலை நுனி என்று தள்ளித் தள்ளி மூன்று நான்கு இடத்தில் மார்க்கரால் அச்சின்மேல் வரையுங்கள். அடுத்த பூவில் அந்தக் கோடுகள் அப்படியே பொருந்தும்வரை அச்சை நகர்த்துங்கள். இழை சற்றுக் கோணியிருந்தால் இழையை விட்டுவிட்டுப் பூவையே பாருங்கள். கூர்மையான பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டுங்கள். கறுத்த துணியென்றால் காய்ந்த சவர்க்காரத் துண்டு.

தைப்பது

உடனே மெஷினில் உட்கார வேண்டாம். ஆறையும் மேசைமேல் வட்டமாக அடுக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பி அடுத்த மூலையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் மூன்றாவதை. மூன்று மூலைக்கும் மூன்று வேறு நட்சத்திரம் வரும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்தால் தேர்ந்தெடுக்கச் சுலபம்.

சரி, இனி தையல். ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் மெஷின் தகட்டில் பிளாஸ்டர் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் ஓரம் அதைத் தொட்டபடி போகட்டும். இரண்டு முக்கோணத்தைத் தைத்து, மூன்றாவதைச் சேர்த்தால் ஒரு பாதி. மற்ற மூன்றும் இன்னொரு பாதி. தையலை இருபக்கமும் விரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மேலிருந்து அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒரு பக்கமாக மடித்தால் ஆறு முனையும் சேரும் நடுவில் முடிச்சுப் போல் தடித்துவிடும்.

பாதிகளின் நீள ஓரத்தில் அளவுகோலை வைத்து நேராக இருக்கிறதா பாருங்கள். இரண்டு நடு முனையும் சந்திக்கும் இடத்தில் முதலில் குண்டூசி குத்தி, அதன் பிறகு ஓரங்களைச் சேர்த்து ஒரே நேர்த்தையலாக ஓட்டுங்கள். ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் 6 அங்குலம் வரும் அறுகோணம் கிடைக்கும், ஓரத் தையலுக்கு விட்ட துணி தனி. தையல் முனைகளில் காது போல வெளியே நீட்டும் துணியை வெட்டிவிடுங்கள்.

முதல் கட்டத்தை, ஓரம் கால் அங்குலம் மடித்து, வெறும் நிறத் துணியில் வைத்துத் தைத்துத் தலையணை உறை ஆக்கலாம். ஒட்டுப் போர்வையே தைக்கப் போகிறீர்கள் என்றால் பாதிகளைச் சேர்க்காமல் குண்டூசியோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி இடம் முடிவான பிறகு, பாதிகளை நெடுக வரிசையாகத் தைத்து, வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கலாம். மூலை திருப்பித் தைக்கும் வேலையே வராது.